கார்டு தேய்த்தால் கடைக்காரருக்கு எவ்வளவு குறைகிறது? கட்டணத்தைக் கணக்கிடவும் குறைக்கவும் முழு வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் கடை அண்ணாச்சி ஒரு பில்லையும் பாஸ்புக்கையும் சேர்த்து என் முன்னால் வைத்தார். "தம்பி, பில்லு 2,400. பேங்க்ல விழுந்திருக்கது 2,349. மிச்சம் 51 ரூபா எங்க போச்சு?" என்று கேட்டார். ஒரு குக்கரும் இரண்டு தூக்குவாளியும் வாங்கிய குடும்பம் கிரெடிட் கார்டைத் தேய்த்த பில் அது. வரவானது சரியாக 2,349 ரூபாய் 2 காசு.

அந்த 51 ரூபாயைத் தேடிப் போனதில்தான், அந்தக் கடை வருஷம் முழுக்க எவ்வளவு இழந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அதில் நியாயமாகப் போனதும் உண்டு, யாரும் கேட்காததால் போனதும் உண்டு. கடை வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பொருள் வாங்குபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: அந்த 51 ரூபாய் யாருக்குப் போனது என்று பாருங்கள்

அண்ணாச்சி கடைக்கு வங்கி போட்டிருந்த கிரெடிட் கார்டு கட்டணம் 1.8%. 2,400 ரூபாய்க்கு 43.20. அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி, 7.78. இரண்டும் சேர்ந்து 50.98. கணக்கு சரிதான். இந்தக் கட்டணத்துக்கு வங்கிக்காரர்கள் சொல்லும் பெயர் எம்டிஆர்.

இதை வாங்குவது ஒருவர் அல்ல. கடையில் மிஷின் வைத்த வங்கி ஒன்று. வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க். மூவரும் பிரித்துக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. அதாவது குக்கர் வாங்கியவருக்குக் கிடைத்த பாயின்ட்டில் அண்ணாச்சியின் காசும் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை தேய்க்கும் தொகை 2,000 ரூபாய் வரை இருந்தால், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. குக்கர் பில் 2,400 என்பதால்தான் அந்த 7.78 வந்தது.

இரண்டாவது படி: எந்த வழியில் வந்த பணத்துக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்

"கார்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கட்டணம் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

ரூபே டெபிட் கார்டு, வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ: இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம். இது சட்டப்படியே. கூகுள் பே, ஃபோன்பே எதில் வந்தாலும் இதேதான்.

விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு: இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 டிசம்பரில் அறிவித்து 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போன நிதியாண்டில் விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மிஷினில் அதிகபட்சம் 0.40%, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. 20 லட்சத்தைத் தாண்டிய கடைக்கு அதிகபட்சம் 0.90%, ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது.

கிரெடிட் கார்டு: இதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு எதுவும் இல்லை. வங்கியும் கடையும் பேசிக்கொள்வதுதான். சிறிய கடைகளில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை சதவீதம் வரை பார்த்திருக்கிறேன். கம்பெனிகள் கொடுக்கும் கார்ப்பரேட் கார்டுக்கும் வெளிநாட்டுக் கார்டுக்கும் இதைவிடக் கூடுதல்.

அப்புறம், நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கியூஆர் அட்டை. "ஸ்கேன் பண்ணினா எல்லாம் ஃப்ரீ" என்றுதான் அண்ணாச்சியும் நம்பிக்கொண்டிருந்தார். 2022லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து ஸ்கேன் செய்யலாம். சிறிய கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை இதற்கும் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் கிரெடிட் கார்டு கட்டணம்தான். யுபிஐ வழியாக வாலெட்டிலிருந்து வரும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கும் 2023 ஏப்ரல் முதல் 1.1% வரை ஒரு கட்டணம் உண்டு. அது வாடிக்கையாளரின் தலையில் விழாது, கடைப் பக்கத்துக் கணக்கில்தான் வரும். சவுண்ட்பாக்ஸ் என்னவோ எல்லாவற்றுக்கும் ஒரே குரலில்தான் "பெறப்பட்டது" என்று சொல்கிறது. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது படி: ஒரு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து உண்மையான விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

வங்கி பாஸ்புக் இதற்குப் போதாது. அதில் பிடித்தம் போக மிச்சம் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் அன்றைய மொத்தமாக விழும். மிஷின் கொடுத்த வங்கியின் அல்லது நிறுவனத்தின் செயலியில் 'செட்டில்மென்ட் ரிப்போர்ட்' என்று இருக்கும். அதை ஒரு மாதத்துக்கு எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் பில் தொகை, கார்டு வகை, எம்டிஆர், ஜிஎஸ்டி, நிகரத் தொகை தனித்தனியாக இருக்கும்.

ஒரு கடையின் மாத விற்பனை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். யுபிஐ 3,30,000. ரொக்கம் 1,50,000. கிரெடிட் கார்டு 90,000. டெபிட் கார்டு 30,000. அதில் ரூபே 12,000, மற்றவை 18,000. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டிய கடை. கார்டு பில்கள் எல்லாமே 2,000க்கு மேற்பட்டவை என்று கொள்வோம்.

கிரெடிட் கார்டுக்கு 1.8% வீதம் 1,620 ரூபாய். மற்ற டெபிட் கார்டுக்கு 0.90% வீதம் 162. ரூபேக்குப் பூஜ்யம். ஆக 1,782. இதன் மேல் 18% ஜிஎஸ்டி 320.76. மிஷின் வாடகை மாதம் 400 என்றால் ஜிஎஸ்டியோடு 472. கார்டுக்காக மட்டும் போனது 2,574.76.

கார்டில் வந்த விற்பனை 1,20,000. அதோடு வகுத்தால் 2.15%. வங்கிக்காரர் சொன்னது "ஒன்று புள்ளி எட்டுதான் சார்". அதுவும் டெபிட் கார்டையெல்லாம் சேர்த்த பிறகும் 2.15 வருகிறது. ஜிஎஸ்டியும் வாடகையும் செய்த வேலை. உங்கள் கடையின் உண்மையான விகிதம் இந்த எண்தான். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இதைக் கையில் வைத்திருங்கள்.

கார்டு விற்பனை குறைவாக உள்ள கடையில் இது இன்னும் மோசம். மாதம் 20,000 ரூபாய்தான் கார்டில் வருகிறது என்றால், எம்டிஆரைச் சேர்க்காமல் வாடகை மட்டுமே 2.36% ஆகிவிடும். அந்தக் கடைக்கு மிஷின் தேவைதானா என்று யோசிக்க வேண்டியதுதான்.

நான்காவது படி: விற்பனையோடு ஒப்பிடாதீர்கள், லாபத்தோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கி கட்டணத்தை விற்பனை விலையில் எடுக்கிறது. கடைக்காரர் சாப்பிடுவது லாபத்தில். இரண்டு சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. எதில் இரண்டு சதவீதம் என்பதுதான் விஷயம்.

செல்போன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய் போன், கடைக்கு மார்ஜின் 4% என்றால் 600 ரூபாய். கிரெடிட் கார்டு 1.8% வீதம் 270, ஜிஎஸ்டி 48.60, மொத்தம் 318.60. லாபத்தில் பாதிக்கு மேல் போயாயிற்று. அதே போனை விசா டெபிட் கார்டில் வாங்கினால் 159.30. ரூபே டெபிட் கார்டிலோ யுபிஐயிலோ வாங்கினால் 600ம் கடைக்கே. வாடிக்கையாளருக்கு எல்லாம் ஒரே விலை, ஒரே போன். கடைக்காரர் முகம் மட்டும் கார்டைப் பார்த்ததும் ஏன் மாறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

மருந்துக்கடையில், அரசு விலை நிர்ணயிக்கும் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் மார்ஜின் 16%. எம்ஆர்பிக்கு மேல் ஒரு காசு வாங்க முடியாது. அதனால் கார்டுக் கட்டணத்தை விலையில் ஏற்றும் வழியே அவருக்குக் கிடையாது. பெட்ரோல் பங்க்கும் அப்படித்தான். லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கமிஷன். 2017 ஜனவரியில், பணமதிப்பிழப்பு முடிந்த கையோடு, கார்டு விற்பனைக்கு வங்கிகள் 1% பிடிக்கப்போகின்றன என்றதும் பங்க் உரிமையாளர்கள் கார்டே வாங்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். அரசு தலையிட்ட பிறகுதான் அதைத் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு சதவீதம் அவர்கள் கமிஷனில் எவ்வளவு பெரிய துண்டு என்று கணக்குப் போட்டால் கோபம் புரியும்.

நம் பழைய உதாரணக் கடைக்கு வருவோம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் போக விற்பனையில் 5% மிஞ்சுகிறது என்றால் மாதம் 30,000. கார்டுக்குப் போனது 2,574. சவுண்ட்பாக்ஸ் வாடகை ஜிஎஸ்டியோடு ஒரு 118 என்று சேர்த்தால் 2,692. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பணத்தில் கிட்டத்தட்ட 9%. விற்பனையோடு ஒப்பிட்டால் இதுவே 0.45%தான். எந்த எண்ணைப் பார்ப்பது என்று இப்போது தெரிகிறதல்லவா?

ரொக்கத்துக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எண்ணும் நேரம், கள்ள நோட்டு, கல்லாவில் கணக்கு உதைப்பது, கரண்ட் அக்கவுன்ட்டில் அளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி பிடிக்கும் கட்டணம் எல்லாம் உண்டு. வருமான வரியிலும், உத்தேச முறையில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரிக்கு வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்த விற்பனையில் 6%தான் லாபமாகக் கொள்ளப்படும், ரொக்கத்துக்கு 8%. கார்டு இருப்பதால்தான் பத்தாயிரம் ரூபாய்ப் பித்தளை விளக்கு விற்கிறது என்பதும் உண்மை. அதனால் கார்டை விரட்டுவது வழியல்ல. எவ்வளவு போகிறது என்று தெரிந்து, தேவையில்லாமல் போவதை நிறுத்துவதுதான் வழி.

ஐந்தாவது படி: குறைக்க முடிந்ததைக் குறையுங்கள்

முதலில், விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் உங்கள் கடை வங்கிக் கணக்கில் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 0.40%க்குப் பதில் 0.90% போய்க்கொண்டிருக்கலாம். மிஷின் வாங்கும்போது விண்ணப்பத்தில் விற்பனைப் பிரதிநிதி அவசரத்தில் ஏதோ எழுதியிருப்பார்.

அடுத்தது வாடகை. அண்ணாச்சி கடைக்கு மிஷின் கொடுத்தவர்கள் "வாடகை கிடையாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒப்பந்தத்தில், மாதம் இவ்வளவு கார்டு விற்பனை இருந்தால்தான் வாடகை கிடையாது என்று இருந்தது. ஆடி மாதம், மழைக்காலம் என்று விற்பனை குறைந்த மாதங்களில் எல்லாம் பிடித்திருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் கவனிக்கவில்லை. 'மாதாந்திரக் கட்டணம்' என்று கடைசி நாளில் தனி வரியாக விழுந்ததால் செட்டில்மென்ட் வரிகளில் தெரியவில்லை. பதினொரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம். பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் "வேறு வங்கிக்கு மாறுகிறோம்" என்று சொன்னதும் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது 'குறைந்தபட்ச விற்பனை' என்ற சொல்லைத் தேடுங்கள்.

கிரெடிட் கார்டு விகிதம் கேட்டால் குறையும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிறு கடைக்காரர்கள் இதை மின்கட்டணம் மாதிரி மாற்ற முடியாத ஒன்று என்று நினைக்கிறார்கள். இன்னொரு வங்கியிடம் எழுத்தில் விகிதம் வாங்கி, ஆறு மாத ஸ்டேட்மென்ட்டோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். கரண்ட் அக்கவுன்ட்டில் நல்ல இருப்பு வைத்திருப்பவர்களுக்குப் பேச இன்னும் வசதி. அண்ணாச்சி கடையில் 1.8 என்பது 1.55 ஆனது. மாதம் 90,000 ரூபாய்க் கார்டு விற்பனையில் 225 ரூபாய்தான் மிச்சம், சரி. வருஷத்துக்கு 2,700. ஒரு தடவை வங்கிக்குப் போய்வந்ததற்கு அது நல்ல கூலி.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், இணக்க வரி (காம்போசிஷன்) முறையில் இல்லாதவர்கள், கட்டணத்தின் மேல் பிடித்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாம். நம் உதாரணத்தில் மிஷின், சவுண்ட்பாக்ஸ் வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 410 ரூபாய். அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும். நிறையக் கடைகளில் அது காலியாகவே இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் மாதாமாதம் வரும் உள்ளீட்டு வரிப் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பியில் வங்கியின் பெயர் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இணக்க வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த வரி முழுக்கச் செலவுதான்.

உடனடி செட்டில்மென்ட் என்று ஒரு வசதி விற்பார்கள். அன்றைய பணம் அன்றே வர ஒரு கூடுதல் சதவீதம். மறுநாள் எப்படியும் வரப்போகும் பணத்துக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "கார்டைத் தேய்ச்சுட்டு ரொக்கமா குடுங்க, ரெண்டு பர்சென்ட் தர்றேன்" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. முகத் தாட்சண்யத்துக்காகக்கூடச் செய்யாதீர்கள். விற்காத பொருளுக்குப் பில் போட வேண்டிவரும், ஜிஎஸ்டி கணக்கு கெடும், வங்கிக்குத் தெரிந்தால் மிஷினே போய்விடும்.

ஆறாவது படி: வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கேட்கலாமா?

டெபிட் கார்டுக்குக் கேட்கவே கூடாது. ரிசர்வ் வங்கி 2013லேயே இதைச் சொல்லி, அப்படி வாங்கும் கடையோடு வங்கிகள் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2017 டிசம்பர் அறிவிப்பிலும் மறுபடி சொன்னது. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை வங்கியோடு போட்ட ஒப்பந்தம்தான் அளவுகோல். அதில் பெரும்பாலும் கூடாது என்றே இருக்கும்.

நகைக்கடைகளில் இது அன்றாடம் நடக்கிறது. 2 லட்சம் ரூபாய் நகைக்குக் கிரெடிட் கார்டில் 2% என்றால் 4,000, ஜிஎஸ்டியோடு 4,720. கடைக்காரர் பதறுவது நியாயம். ஆனால் அதே 2 லட்சத்தை டெபிட் கார்டில் தேய்த்தால் 0.90% வீதம் 1,800 வராது. 1,000 ரூபாய் உச்சவரம்பில் நின்றுவிடும். இது தெரியாமல் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட்" என்று டெபிட் கார்டுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

என் ஆலோசனை, கூடுதல் கேட்காமல் தள்ளுபடி கொடுங்கள். "யுபிஐ, ரூபே டெபிட் கார்டுக்கு 1% தள்ளுபடி" என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். கார்டு வைத்திருப்பவர் அவமானப்பட மாட்டார், கையில் போன் உள்ளவர் தானாக ஸ்கேன் செய்வார்.

"200 ரூபாய்க்கு மேல்தான் கார்டு" என்று எழுதி வைப்பதில் நம் ஊரில் அவ்வளவு பொருளில்லை. இங்கே கட்டணம் பெரும்பாலும் சதவீதத்தில்தான். 80 ரூபாய்க்கு டெபிட் கார்டில் போவது 72 காசு. அதற்காக ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஏழாவது படி: வாங்குபவர்களுக்கு

கடைக்காரர் கார்டுக் கட்டணத்தை எப்படியும் விலையில் எங்கோ சேர்த்துத்தான் ஆகவேண்டும். அந்த விலையை எல்லோரும் கொடுக்கிறோம். கிரெடிட் கார்டு தேய்ப்பவருக்குப் பாயின்ட்டாகக் கொஞ்சம் திரும்பி வருகிறது. கூலி வாங்கிக்கொண்டு வந்து ரொக்கமாகக் கொடுத்து அதே குக்கரை வாங்கும் அம்மாவுக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. எனக்கு இதில் உறுத்துவது இதுதான். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: தெருவிலுள்ள சிறிய கடைகளில் யுபிஐ அல்லது ரூபே டெபிட் கார்டு, பெரிய சங்கிலிக் கடைகளில் மட்டும் கிரெடிட் கார்டு. அவர்களுக்கு வங்கியோடு பேரம் பேசும் பலம் இருக்கிறது, நம் தெரு மளிகைக்கடைக்கு அந்த அளவுக்கு இல்லை.

பெட்ரோலுக்குக் கிரெடிட் கார்டு தேய்த்தால் 1% எரிபொருள் கூடுதல் கட்டணம் போட்டு, பல கார்டுகளில் பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். திருப்பிக் கொடுக்கக் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. பல கார்டுகளில் அது 400 ரூபாய். 300 ரூபாய்க்கு அடித்துவிட்டுப் பாயின்ட் வந்தது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. உங்கள் கார்டின் வரம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபிட் கார்டுக்கு ஒரு கடை கூடுதல் கேட்டால் சண்டை போட வேண்டாம். "பில்லில் அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள் அண்ணே" என்று கேட்டாலே பாதி இடத்தில் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் மிஷினில் வந்த சீட்டைப் பாருங்கள். மேலே மிஷின் வைத்த வங்கியின் பெயர் இருக்கும், கீழே எம்ஐடி (கடையின் எண்), டிஐடி (மிஷினின் எண்) என்று இரண்டு எண்கள். புகாரை அந்த வங்கிக்கு இந்த எண்களோடு அனுப்ப வேண்டும். உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பினால் வேலை தாமதமாகும்.

எட்டாவது படி: பணம் போய்விட்டது, மிஷினில் வரவில்லை என்றால்

வாரத்துக்கு ஒருமுறையாவது கடையில் இது நடக்கும். வாடிக்கையாளர் போனில் 'டெபிட்' என்று மெசேஜ் வந்துவிடும், மிஷின் 'டிக்ளைன்டு' என்று சீட்டுத் துப்பும். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, கணக்கில் பணம் எடுக்கப்பட்டுக் கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு வங்கி கொடுக்க வேண்டும், கேட்காமலே. கடைக்கு வரும் யுபிஐ பணத்துக்கும் இதே ஐந்து நாள்தான்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடைக்காரரும் தன் எம்டிஆர் தகராறில் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

எதற்கும் சீட்டு வேண்டும். மிஷினில் வரும் சீட்டு சூட்டில் அச்சாகும் தாள். கல்லாப்பெட்டியில் சில மாதம் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். அண்ணாச்சி கடையில் ஒரு வாடிக்கையாளர் "நான் இதை வாங்கவே இல்லை" என்று வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, எங்கள் கையில் இருந்தது எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைத் துண்டு. அன்றிலிருந்து கடை அடைப்பதற்கு முன் அன்றைய சீட்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒரே போட்டோவாக எடுத்து, தேதி போட்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை.